வாழைக்குக் கட்டிய தாலி

கொக்குவிலில் ஜெயரூபனைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் போன கிழமை குடிவந்தவராக இருக்க வேண்டும். அல்லது தன்னுடைய கலியாண வீடியோ இன்னும் கைக்கு வந்து சேராத கோபத்தில் இருக்க வேண்டும். நாற்பத்து மூன்று வயது, முன்னால் தள்ளிய வண்டி வயிறு, எப்போதும் தோளில் ஒரு கமராப் பை. ரெயில் பாதைக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு அறை, அதுதான் ஸ்ரூடியோ. ரெயில் போகும்போது மேசை ஆடும், சுவரில் மாட்டிய மாப்பிள்ளை பொம்பிளைப் படங்களும் ஆடும்.

ஆனால் ஊருக்கு அவனைத் தெரிந்தது கலியாண வீடியோவால் அல்ல. சிரிக்கவைக்கிற பகிடிப் படத்தால்.

2019இல் அவனும் மனைவி உதயகலாவும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். உதயகலா பள்ளிக்கூடம் ஒன்றில் கிளாக். வாயில் கத்தியை வைத்துக்கொண்டு பிறந்தவள் என்று அவளுடைய தாயே சொல்லுவார். காதல் படம் பார்க்க உட்கார்ந்தால் கதாநாயகன் முதல்முறை பெட்டையைப் பார்த்துக் காற்றில் மிதக்கும்போதே, "உவனுக்கு வீட்டிலை வேலை வெட்டி இல்லையோ?" என்று கேட்டுவிடுவாள். அந்தக் கேள்வியில்தான் அவர்களுடைய முழு யூரியூப் சனலும் பிறந்தது. ஜெயரூபன்தான் கதாநாயகன். அந்த வண்டிக்கு மேல் ஒரு இறுகிய சேட்டைப் போட்டுக் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்தபடி அவன் பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனால், வீதியால் போகிற சனம் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரிக்கும். ஒவ்வொரு படத்திலும் ஒரு கட்டத்தில் வானத்தைப் பார்த்துக் கத்துவான்: "இது படமில்லை! இது என்ரை சீவியம்!" தேத்தண்ணிக் கடையில் வடை தீர்ந்துபோனாலும், கிரிக்கெட்டில் ஆள் அவுட்டானாலும், பெடியள் அதைத்தான் கத்தினார்கள். அவன் "இது படமில்லை" என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை ஊர் முடிக்கும்.

கதாநாயகி நிவேதனா. இரண்டு வீடு தள்ளி இருக்கிற மகாதேவியின் ஒரே மகள். அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். இப்போது யாழ்ப்பாண ரவுணில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். அவளிடம் இருந்த பெரிய வித்தை, சிரிக்காமல் இருப்பது. ஜெயரூபன் முன்னால் நின்று என்ன கூத்தாடினாலும், நிறுத்தாமல் போன பஸ்ஸைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பாள். படத்தில் பாதிச் சிரிப்பு அந்த முகத்தால் வந்தது.

மகாதேவிக்குப் பகிடி என்றால் என்னவென்றே தெரியாது. புருசன் நெஞ்சுவலியில் போனபோது மகளுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு அவர் எந்தக் கலியாண வீட்டிலும் மணவறைப் பக்கம் வந்ததில்லை. ஆசீர்வாதத்துக்காகத் தாலித் தட்டைச் சபையில் கொண்டுவரும்போது, யாரும் சொல்லாமலே எழுந்து குசினிப் பக்கம் போய்விடுவார். ஜெயரூபன் அதை எத்தனையோ தரம் கமராவுக்குள்ளால் கண்டிருக்கிறான். கண்டதும் கமராவை வேறு பக்கம் திருப்பிவிடுவான்.

அவர் மகளை நடிக்க விட்டதே பெரிய காரியம். அதற்கு ஒரே ஒரு கண்டிசன் போட்டார். முதலாவது பெரிய படத்தின் கடைசிக் காட்சியில், கோயில் திருவிழாவில் கதாநாயகன் ஓடிவந்து பெட்டையின் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுவதாக உதயகலா எழுதியிருந்தாள். மகாதேவி ஸ்ரூடியோவுக்கு ஏறி வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றபடி சொன்னார்:

"நீங்கள் என்ன கூத்தெண்டாலும் ஆடுங்கோ. என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை விளையாட்டுக்கும் ஒண்டும் ஏறக்கூடாது. ஏறினால் ஏறினதுதான். அதுக்குப் பேந்து ஒண்டும் செய்ய ஏலாது."

படத்துக்குத்தானே, மஞ்சள் கயிறுகூட இல்லை, தைக்கிற நூல்தானே என்று உதயகலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மனுசி அசையவில்லை. உதயகலா இரண்டு நாள் கறுவிக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் கறுவல் பகிடியாகக் காய்த்தது. சாதகத்தில் தோசம் உள்ள மாப்பிள்ளைக்கு முதலில் வாழைக்குத் தாலி கட்டவைத்து, தோசத்தைக் கழித்துவிட்டுப் பெண் எடுக்கிற வழக்கம் ஊரில் உண்டு. ஆகவே கதாநாயகன் சினிமாக்காரர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவருவான். பெட்டை விலகுவாள். அவன் தண்ணீர்ப் பந்தல் வாசலில் கட்டியிருக்கிற வாழைக்கு மூன்று முடிச்சும் போட்டுவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்து, வாழையைக் கட்டிப்பிடித்து அழுவான். பெட்டையின் தகப்பனாக நடித்த தம்பிராசா, ஓய்வு பெற்ற தபால்காரர், அவனுடைய முதுகில் தட்டிச் சொல்லுவார்: "தோசம் கழிஞ்சுது தம்பி. இனி நல்ல பெட்டையாப் பார்."

அந்த வாழைதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சனம் எழுதியது. ஊரில் கலியாணம் தள்ளிப்போகிற பெடியனைக் கண்டால், "வாழை பாக்கட்டோ?" என்று கேட்பது வழக்கமாகிப் போனது.

பிறகு சிரிப்பு குறையத் தொடங்கியது. ஒரே நாளில் அல்ல. குடத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் முதலில் நிலம் மட்டும்தான் ஈரமாகும், அப்படி.

முதலில் கலியாணக்காரர் மாறினார்கள். எந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தார்களோ, அதே காட்சியைத் தங்களை வைத்து எடுத்துத் தரச் சொல்லி வந்தார்கள். ஒரு மாப்பிள்ளை தொண்டைமானாற்றுப் பாலத்தில் முழங்காலில் நின்று, நெஞ்சில் கையை வைத்து, "அண்ணை, உங்கடை படத்திலை செய்த மாதிரி" என்றான். ஜெயரூபன் கமராவைக் கண்ணில் வைத்தபடி அவன் சிரிப்பான் என்று பார்த்துக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவனுடைய கண் கலங்கியிருந்தது. பொம்பிளையும் அழுதாள். ஒன்றைப் பழித்துச் சிரிக்க வேண்டுமானால், பழிக்கிற நாமும் பழிக்கப்படுகிற அதுவும் வேறுவேறாக இருக்க வேண்டும் அல்லவா? காதல் படமே தன்னைத் தானே பழிக்கிற அளவுக்கு ஊதிப்போய்விட்டால், பாவம், பகிடிக்காரனுக்கு நிற்க இடமேது?

அடுத்தது, யாரோ பெயர் தெரியாத ஒருவர் அவர்களுடைய படத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். நிவேதனாவின் கேற்றடியில் ஜெயரூபன் மழையில் நிற்கிற காட்சி அதில் ஒன்று. அந்த மழை, மதிலில் ஏறியிருந்த தம்பிராசா பூவாளியால் ஊற்றியது. படத்தில் கமரா மேலே போய் அவரையும் காட்டும். வெட்டியவர் அதற்கு முன்பே நிறுத்திவிட்டார். ஊத்தைத் தண்ணீர் பட்டுச் சிவந்த ஜெயரூபனின் கண்ணில் கொண்டுபோய் நிறுத்தி, பின்னால் ஒரு வயலினை அழவிட்டிருந்தார். அந்தத் துண்டை இலட்சக் கணக்கில் பார்த்தார்கள். முழுப் படத்தைப் பார்க்க இப்போது ஒருவரும் இல்லை.

உதயகலா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"வண்டியும் தெரியுது, கண்ணாடியும் தெரியுது. பிறகும் அழுகினம்," என்றாள். "உப்பிடியெண்டால் நாங்கள் செய்தது என்ன?"

அந்த வருசம் அவர்கள் ஒரு படமும் எடுக்கவில்லை.

அப்படியிருக்கப் போன ஐப்பசியில், பழைய வாழைப் படத்தின் கீழே ஒருவன் எழுதியிருந்தான்: "அண்ணை, இது என்ரை கதை. மூண்டு தரம் அழுதிட்டன். கடைசியிலை வாழைக்குக் கட்டவிட்டது மட்டும் பிழை. நான் அந்தப் பிழை விடமாட்டன்." பெயர் லக்சன் என்று இருந்தது. கனநாளைக்குப் பிறகு ஒருவன் முழுப் படத்தையும் பார்த்திருக்கிறானே என்று ஜெயரூபன் சந்தோசப்பட்டான். ஒரு நன்றிகூடச் சொன்னான்.

இரண்டு கிழமை கழித்து, பின்னேரம் வேலையால் வந்த நிவேதனா நேரே ஸ்ரூடியோவுக்கு ஏறினாள். ரவுணிலிருந்து ஒரு பெடியன் தினமும் தன்னுடைய பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறான் என்றாள். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வருகிறானாம். ஜெயரூபன் வாய்விட்டுச் சிரித்தான். உதயகலாவும் சிரித்தாள். நிவேதனா சிரிக்கவில்லை. அவளுடைய அந்த முகத்துக்கு அவர்கள் பழகிப் போயிருந்தார்கள். அதனால் அது நடிப்பில்லை என்று பிடிபடச் சற்று நேரமாகியது.

கார்த்திகை மழையில் அவன் கேற்றடிக்கு வந்தான். மதிலில் பூவாளியோடு ஒருவரும் இல்லை, வானம்தான் ஊற்றியது. குடையில்லாமல், மழைக்கோட்டில்லாமல், விடியத் தொடங்கி மத்தியானம் வரைக்கும் நின்றான். நிவேதனா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

மார்கழியில் ஒருநாள் மருந்துக் கடைக்குள் வந்தான். என்ன வேண்டும் என்று கேட்டதற்குச் சேட்டுக் கையை மடித்துக் காட்டினான். படத்தில் ஜெயரூபன் பீற்றூட் சாற்றால் கையில் அவளுடைய பெயரை எழுதுவான், எழுதி முடித்ததும் நாய் வந்து நக்கிவிடும். லக்சனுடைய கையில் இருந்தது பீற்றூட் சாறில்லை.

அந்தச் செய்தியைக் கேட்டதும் ஜெயரூபன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பஸ், மழை, பெயர். வாழைப் படத்தில் எழுதிவைத்த வரிசை மாறாமல் வந்துகொண்டிருந்தது. அடுத்தது என்ன என்று எல்லாரையும்விட அவனுக்கும் உதயகலாவுக்கும் நன்றாகத் தெரியும். அடுத்தது, தாயை வசப்படுத்துவது. அதற்கடுத்தது தேர்த் திருவிழா.

நிவேதனா பொலிசுக்குப் போனாள். அங்கே இருந்தவர் அவளைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அவள் சொன்னதை எல்லாம் முகம் மலரக் கேட்டுவிட்டு, இது எப்ப சனலில் வரும் என்று விசாரித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்திய வாய் ஜெயரூபனுடையது, அகப்பட்டுக்கொண்டது அந்தப் பிள்ளை.

ஜெயரூபன் லக்சனைத் தேடிப் போனான். மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை ஒன்றில் வேலை செய்கிற இருபத்து மூன்று வயதுப் பெடியன். தாயும் தகப்பனும் வெளிநாட்டில், பெரியம்மா வீட்டில் வளர்ந்தவன். ஜெயரூபனைக் கண்டதும் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, கோயிலுக்குள் நிற்கிற மாதிரி நின்றான். கதிரை இழுத்துப் போட்டான், சோடா வாங்கிவரப் போனான். தடியனாக, குடிகாரனாக ஒருவன் இருந்திருந்தால் ஜெயரூபனுக்குச் சுகமாக இருந்திருக்கும். இவன் மரியாதையான பெடியன்.

"தம்பி, அது பகிடிக்கு எடுத்தது," என்றான் ஜெயரூபன். "அப்பிடிச் செய்யிறவன் விசரன் எண்டு காட்டத்தான் எடுத்தது."

லக்சன் அவனை இரக்கத்தோடு பார்த்தான்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. மழைக்கை நிக்கேக்கை உங்கடை கண்ணிலை தண்ணி வந்தது. நான் பாத்தனான்."

"அது பூவாளித் தண்ணி."

"ஓம் அண்ணை. ஆக்களுக்கு அப்பிடித்தான் சொல்லோணும்," என்றான் லக்சன், ஒரு இரகசியத்தைப் பங்குபோடுகிற மாதிரி. "நீங்கள் கடைசியிலை பயந்திட்டியள். நான் பயப்பிட மாட்டன்."

திரும்பி வரும்போது ஜெயரூபன் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். தான் ஆடிய கூத்தை இன்னொருவன் தெய்வ வாக்காக எடுத்து ஆடினால், அதைப் பார்க்கத் தன்னுடைய முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலவே இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்குள் இருப்பவன் சிரிக்கவில்லை.

தை மாதம் ஒரு காலை, ஸ்ரூடியோ யன்னலால் பார்த்தபோது, லக்சன் மகாதேவியின் வீட்டுக்குள் காஸ் சிலிண்டர் ஒன்றைச் சுமந்துகொண்டு போனான். இன்னொரு நாள் தேங்காய் உரித்துக்கொண்டு நின்றான். மகாதேவி அவனுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவன் அவரை மாமி என்று கூப்பிட்டான்.

ஜெயரூபன் போய்ச் சொல்லிப் பார்த்தான். மகாதேவி முழுவதையும் கேட்டார். பிறகு, கேற்றடியில் நிற்கிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பது குற்றமா என்று கேட்டார். அந்தப் பெடியன் மரியாதையாக வந்து பெண் கேட்டால், வேண்டாமென்று மரியாதையாகச் சொல்லத் தனக்குத் தெரியும் என்றார். கடைசியாக, குரலை உயர்த்தாமலே சொன்னார்:

"நீர் படிப்பிச்சதைத்தானே அவன் செய்யிறான். இப்ப நீரே வந்து குளறுறீர்."

அன்றைக்குப் பின்னேரம் நிவேதனா மாடிக்கு வந்து யன்னலடியில் நின்றாள்.

"எனக்கு அவனுக்குப் பயமில்லை அண்ணை," என்றாள். "அம்மாவுக்குத்தான் பயம். அவன் கட்டினானெண்டால் நான் கழட்டி எறிஞ்சுபோட்டுப் போவன். ஆனால் அம்மா விடமாட்டா. ஏறினால் ஏறினதெண்டு என்னை அவனோடை அனுப்பிப்போடுவா. அதுக்குப் பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?"

உதயகலா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை, அந்த வாய்க்கு அது பழக்கமில்லை.

பங்குனியில் அம்மன் கோயில் தேர் வந்தது. மகாதேவி வருசா வருசம் தேருக்குப் பின்னால் கற்பூரச் சட்டி எடுப்பவர். மகள் பக்கத்தில் வந்து கற்பூரம் போட்டுக்கொண்டு வர வேண்டும். அது நேர்த்தி, அம்மனுக்குச் சொன்னதை மாற்ற முடியாது. ஜெயரூபனுக்கும் போகாமல் இருக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரருக்காகத் திருவிழாவை நேரடியாக ஒளிபரப்புகிற வேலை அவனுடையது. அவனும் உதயகலாவும் நிவேதனாவுமாக மூன்று பேரும் கூடிக் கதைத்தார்கள். ஜெயரூபன் கமராவோடு அவளை விட்டு அகலாமல் நிற்பது என்றும், ஆயிரம் கண் பார்க்கிற இடத்தில் எவனும் துணிய மாட்டான் என்றும் முடிவு செய்தார்கள்.

ஆயிரம் கண் இருந்தது உண்மைதான். அந்தக் கண்களை எதைப் பார்க்கப் பழக்கிவைத்திருக்கிறோம் என்று மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை.

தேர் வடக்கு வீதியால் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. ஆண்கள் வடம் பிடித்து இழுத்தார்கள். பின்னால் கற்பூரச் சட்டிக்காரிகள் வரிசையாக வந்தார்கள். மகாதேவி வேப்பிலைக்கு மேல் சட்டியை ஏந்தியபடி, கண்ணைத் தேரிலிருந்து எடுக்காமல் நடந்தார். நிவேதனா பச்சைச் சேலையில் பக்கத்தில் வந்தாள். வீதியோரத்தில் தண்ணீர்ப் பந்தல். வாசலில் குலையோடு இரண்டு வாழை கட்டியிருந்தது.

ஜெயரூபன் கமராவை மெல்லத் திருப்பினான். பந்தலுக்குப் பக்கத்தில், வேட்டியும் இடுப்பில் சால்வையுமாக நிற்கிற ஆண்களுக்கு நடுவில், ஒருவன் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

கோயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எவன் நிற்பான்? ஜெயரூபன் கமராவைத் தோளிலிருந்து இறக்காமலே ஓடத் தொடங்கினான். அதுதான் அவன் விட்ட பிழை. தோளில் கமரா, முன்னால் வண்டி குலுங்க ஜெயரூபன் ஓடுகிறான். எதிரே நிவேதனா நிற்கிறாள். அந்தப் பக்கத்தால் கறுப்புக் கண்ணாடிக்காரன் ஓடிவருகிறான். ஊருக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "எட, ரூபன்ரை சூட்டிங்" என்றது ஒரு குரல். சனம் விலகி வட்டமாக நின்று இடம் விட்டது. கைபேசிகள் மேலே எழுந்தன.

லக்சன் கண்ணை மூடவில்லை. வாழையடியில் அவளை மறித்து, பின்னால் நின்று, மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் போட்டு முதலாவது முடிச்சைப் போட்டான். நிவேதனா கத்திக் குளறினாள். அவள் குளறக் குளறச் சனம் சிரித்தது. ஒருநாளும் முகம் அசையாத பெட்டை என்னமாய் நடிக்கிறாள் என்று ஒருவர் பாராட்டினார். யாரோ கைதட்டினார்கள். ஸ்ரூடியோவில் ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த உதயகலாவின் திரையில், கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் சிரிக்கிற முகங்கள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன.

ஜெயரூபன் சனத்துக்குள் அகப்பட்டுவிட்டான். முன்னால் நின்றவர்கள் அவனுக்கு இடம் விடுவதாக நினைத்து, கமராவுக்கு நல்ல இடமாகப் பார்த்து அவனைத் தள்ளித் தள்ளி நிறுத்தினார்கள். அவன் தொண்டை கிழியக் கத்தினான்:

"இது படமில்லை!"

வீதி முழுக்க ஒரே குரலில் முடித்தது: "இது என்ரை சீவியம்!"

எத்தனையோ வருசமாக அவன் கேட்காத சிரிப்பு அது. தேர் இழுத்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். லக்சன் இரண்டாம் முடிச்சைப் போட்டான்.

அவ்வளவு சனத்துக்குள்ளும் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மகாதேவிக்குப் பகிடி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். அவர் போட்ட கண்டிசன் அது. படமாக இருந்தால் தாலி வாழையில்தான் ஏறும். கழுத்தில் ஏறினால் அது படமில்லை.

அவர் கற்பூரச் சட்டியை இரண்டு கையாலும் பக்குவமாக நிலத்தில் இறக்கி வைத்தார். அவர் வருவதைக் கண்டு லக்சன் கையை எடுத்துக்கொண்டு, "மாமி" என்று கும்பிட்டான். நிவேதனா தாயைக் கண்டதும் குளறுவதை நிறுத்திவிட்டாள். கயிற்றை விரல்களால் பிடித்தபடி, ஏறினால் ஏறினதுதான் என்ற வார்த்தைக்காக அவள் காத்துக்கொண்டு நின்றாள். ஜெயரூபனும் அதற்குத்தான் பயந்துகொண்டு நின்றான். மகாதேவி மகளின் கையைப் பிடித்துக் கயிற்றிலிருந்து விலக்கினார்.

"நீ தொடாதை," என்றார். "நீ கழட்டினால் தாலி அறுத்ததாப் போகும்."

பிறகு, கலியாண வீடுகளில் தாலித் தட்டு வரும்போது இருபது வருசமாக முந்தானைக்குள் ஒளித்துவைத்த அந்தக் கை இரண்டையும், கரி பிடித்தபடியே, மகளின் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

"நான் அறுதலி," என்றார். லக்சனைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "என்ரை கை பட்டது தாலியில்லை. வெறும் நூல்."

முடிச்சு இரண்டையும் அவிழ்த்தார். அவசரப்படவில்லை. முதலாவது முடிச்சு அவிழும்போது சிரிப்பு குறைந்தது. இரண்டாவது அவிழும்போது வீதியில் ஒரு சத்தமும் இல்லை. அறுதலி என்ற அந்த ஒரு சொல்லை எந்தப் பொம்பிளையும் தன்னுடைய வாயால், கோயில் வீதியில், பகிடிக்குச் சொல்ல மாட்டாள் என்று சனத்துக்குத் தெரியும். தூக்கிய கைபேசிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கயிற்றைச் சுருட்டிக் கற்பூரச் சட்டிக்குள் போட்டுவிட்டு, மகாதேவி மகளின் கழுத்தில் சிவந்திருந்த கோட்டைப் பெருவிரலால் தடவினார். அதில் கரி ஒட்டியது. அப்போதுதான் அவர் அழுதார்.

வடம் பிடித்த ஆண்கள் நாலு பேர் வந்து லக்சனைப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. கண்ணாடி கழன்று விழுந்திருந்தது. அவன் மகாதேவியையோ நிவேதனாவையோ பார்க்கவில்லை, ஜெயரூபனுடைய கமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தமுறை பொலிசில் ஒருவரும் சிரிக்கவில்லை. இப்போது அவன் பிணையில் வெளியே இருக்கிறான்.

அன்று பின்னேரமே ஜெயரூபனும் உதயகலாவும் தங்களுடைய படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். நிவேதனா வேலைக்குப் போகிறாள். பஸ்ஸடி வரைக்கும் மகாதேவி கூடப் போகிறார். ஊரில் யாரும் வாழையைப் பற்றிக் கதைப்பதில்லை.

ஆனால் அவர்கள் அழித்தது தங்களிடம் இருந்ததை மட்டும்தான். தேரடியில் பிடித்தது யாருடைய கைபேசியோ தெரியாது. போன கிழமை அது ஜெயரூபனுடைய கண்ணில் பட்டது. கறுப்புக் கண்ணாடிக்காரன் ஓடிவருகிறான், பச்சைச் சேலைக்காரி குளறுகிறாள், இரண்டாம் முடிச்சு விழுகிறது. மகாதேவி சட்டியை இறக்கி வைப்பதற்கு முன்பே வெட்டியிருந்தார்கள். பின்னால் அதே வயலின். கீழே நூற்றுக் கணக்கில் சிவப்பு இதயங்கள். அவற்றுக்கு நடுவில், வேறு ஏதோ ஊரிலிருந்து, வேறு ஏதோ பெடியன் ஒருவன் எழுதியிருந்தான்: "இது என்ரை கதை."

ஜெயரூபன் அவனுக்குப் பதில் எழுதத் தொடங்கினான். "தம்பி, இது படமில்லை" என்று எழுதினான். பிறகு அதை வாசித்துப் பார்த்துவிட்டு அழித்தான்.